ரிப்போர்ட்டில் வராத களைப்பு



இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவருக்குத் தைராய்டு குறைவாகச் சுரந்துகொண்டிருக்கும். சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு 10.95 சதவீதம் என்று கணக்குச் சொன்னது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சோதனை செய்யும்வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. மற்றவர்கள் தினமும் காலையில் எழுந்ததும் ஒரு சின்ன மாத்திரையை விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள்.

மருத்துவர்களாகிய எங்களுக்கு இது எளிய நோய். ரத்தத்தில், தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் டி.எஸ்.எச். அளவைப் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மருந்தின் விலையும் குறைவு. அதனால்தான் புறநோயாளிப் பிரிவில் இந்த நோயாளிகளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. ரிப்போர்ட்டை வாங்குகிறோம், எண்ணைப் பார்க்கிறோம், ‘நார்மல்தான், அதையே போடுங்க’ என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எண் சரியான பிறகும் உடம்பு சரியில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் ஆய்வகத் தாளுக்குச் சமமான சான்றுதான். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் இந்த நோய்க்குச் சரியான மருத்துவம் பார்க்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இதை முதலில் உலகுக்குக் காட்டியவர் ஓர் அறுவை மருத்துவர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் என்று ஒருவர் இருந்தார். ஆல்ப்ஸ் மலைப்பகுதி மண்ணில் அயோடின் குறைவு. ஊருக்கு ஊர் கழுத்துக் கழலையோடு மக்கள் நடமாடிய காலம் அது. கழலை அறுவை என்றாலே நோயாளி பிழைப்பாரா என்று அஞ்சிய அந்த நாளில், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொரு நாளமாகக் கட்டி, நிதானமாகச் செய்து பலரைப் பிழைக்க வைத்தவர் கோகர். 1874-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் தைராய்டை முழுவதுமாக எடுத்தார். புண் ஆறியது, சிறுமி வீடு திரும்பினாள். அறுவையின் கணக்கில் அது முழு வெற்றி. ஆனால் அவளை ஊரில் பார்த்துவந்த மருத்துவர், சில ஆண்டுகளில் அந்தப் பெண்ணின் குணமே மாறிவிட்டது, மந்தமாகிவிட்டாள் என்று கோகரின் காதில் போட்டார்.

அந்தச் செய்தியை அலட்சியம் செய்யாததுதான் கோகரின் பெருமை. தான் அறுவை செய்த நோயாளிகளுக்கெல்லாம் கடிதம் எழுதித் திரும்ப வரச் சொன்னார். தைராய்டு முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் 18 பேரை அவரால் மறுபடி பார்க்க முடிந்தது. 16 பேர் ஒரே மாதிரி மாறியிருந்தார்கள். முகமும் கையும் வீங்கி, தோல் வறண்டு, முடி கொட்டி, குளிரில் நடுங்கி, பேச்சு இழுத்து, யோசனை மெதுவாகி இருந்தார்கள். அந்தச் சிறுமியும் அவள் தங்கையும் நிற்கும் புகைப்படங்கள் மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றவை. அறுவைக்கு முன் எடுத்ததில் அக்காள் தங்கை போலவே இருக்கிறாள். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு எடுத்ததில் தங்கை வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். பக்கத்தில் அக்காள் குழந்தையின் உயரத்திலேயே, வீங்கிய முகத்தோடு நிற்கிறாள். 1883-இல் இதையெல்லாம் ஒளிக்காமல் வெளியிட்ட கோகர், சாதாரணக் கழலைக்கு இனித் தைராய்டை முழுவதுமாக எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தார். 1909-இல் நோபல் பரிசு பெற்றார். அறுவை மருத்துவர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல் அது. தைராய்டு இல்லாமல் மனிதன் எப்படி வாழ்கிறான் என்பது அறுவை மேசையில் தெரியவில்லை. வீட்டுக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மனத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பும் அப்போதே தெரிந்துவிட்டது. லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்று அமைத்த குழு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1888-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இல்லாததைக் காண்பது, வீண் சந்தேகம் கொள்வது போன்ற மனக்கோளாறுகள் இருந்தன. பிறகு எப்படியோ இது மறந்துபோயிற்று. 1949-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனநோய் என்று முத்திரை குத்தப்பட்ட இவர்களுக்கு உண்மையில் தைராய்டு வற்றியிருந்தது. தைராய்டு மருந்து கொடுத்ததும் பெரும்பாலோர் தெளிந்தார்கள். உடம்புக் கோளாறால் வரும் மனநோய்களில் மருத்துவர்கள் அதிகம் கோட்டை விடுபவற்றில் இதுவும் ஒன்று என்று அவர் வருந்தி எழுதினார்.

அந்த அளவுக்கு முற்றிய நோயாளியை இன்று அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். ரத்தப் பரிசோதனை தெருவுக்குத் தெரு வந்துவிட்டதால் முன்கூட்டியே பிடிபட்டுவிடுகிறது. இன்று நம் முன்னால் இருப்பது, நோய் என்றே யாரும் ஒப்புக்கொள்ளாத சின்னச் சின்னத் துன்பங்கள். ‘எதிலயும் பிடிப்பு இல்ல’ என்பார்கள். ‘பிள்ளைங்க மேல காரணமில்லாம எரிஞ்சு விழுறேன்’ என்பார்கள். ‘கேஸை நிறுத்தினேனான்னு மூணு தடவை போய்ப் பார்க்கிறேன்’ என்பார்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: ‘காலையில எந்திரிக்கும்போதே, ராத்திரி பூரா நாத்து நட்ட மாதிரி இருக்கு டாக்டரம்மா.’ இந்த வாக்கியத்தை எந்த ஆய்வகமும் அச்சடித்துத் தராது. வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். நோயைவிட அந்தப் பெயரைத் தாங்குவதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உடம்பும் மனமும் ஏன் ஒன்றாகத் தளர்கின்றன? தைராய்டு சுரக்கும் ஹார்மோனில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளிதான் உடம்பில் உள்ள கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. குறைந்தால் இதயத் துடிப்பு குறைகிறது. குடலின் அசைவு குறைந்து மலச்சிக்கல் வருகிறது. வியர்வை குறைகிறது, குளிர் தாங்க முடிவதில்லை. தோலுக்கடியில் நீர் கோக்கிறது, குரல் கரகரக்கிறது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போகின்றன. ரத்தத்தில் கொழுப்பு கூடுகிறது. மூளைக்கும் இதே கதைதான். ரத்தத்தில் வரும் டி4 என்னும் தைராக்சின் ஹார்மோனை மூளை தனக்குள்ளேயே டி3 ஆக மாற்றிப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த வரத்து குறைந்தால் நினைவும் உற்சாகமும் தூக்கமும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன. மலச்சிக்கலும் மறதியும் ஓர் ஆளுக்கு ஒரே நேரத்தில் வந்தால் அவர் எதையோ கற்பனை செய்கிறார் என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் ஊற்று ஒன்று.

என் மாணவர்களுக்கு நான் விரும்பிக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு ரத்தம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். நோயாளியை ஒரு நாற்காலியின் மேல் முழந்தாளிட்டு, பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி இருக்கச் சொல்ல வேண்டும். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணில் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். சாதாரணமாகப் பாதம் வெடுக்கென்று இழுத்து, அதே வேகத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். தைராய்டு நன்றாகக் குறைந்தவருக்கு இழுப்பது சாதாரணமாகத்தான் இருக்கும். திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். இழுத்த பாதம் திரும்ப மனமில்லாததைப்போல மெல்ல, மிக மெல்ல இறங்கும். கூட வந்த கணவரையும் மாமியாரையும் பக்கத்தில் அழைத்து அதைப் பார்க்கச் சொல்வேன். பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, ‘வேணும்னு செய்யலைல்ல?’ என்று கேட்டார். வேண்டுமென்று அப்படிச் செய்ய யாராலும் முடியாது. ஆம், ஆண்களுக்கும் இது வருகிறது. பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதால், ஆண்களிடம் இதைத் தேடவே மறந்துவிடுகிறோம்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், செம்மறி ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து, நோய் முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது, முகத்தில் களை வந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். அத்தனை காலமும் அவருக்கு மருந்து தந்தவை 870-க்கும் அதிகமான ஆடுகள் என்று மரே பின்னாளில் எழுதினார். அன்று ரத்தத்தில் ஹார்மோன் அளக்கும் வசதியே கிடையாது. மரேயிடம் இருந்த ஒரே அளவுகோல் அந்தப் பெண்தான். நடை எப்படி, பேச்சு எப்படி, வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் மருந்தைக் கூட்டினார், குறைத்தார்.

இன்று நமக்கு டி.எஸ்.எச். இருக்கிறது. அது மிக நல்ல சோதனை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து என்ன சொல்கிறது என்பதை அளப்பது. பிட்யூட்டரி நிறைவாக இருக்கிறது என்பதால் தசையும் குடலும் மூளையின் மற்ற பகுதிகளும் அதே அளவு நிறைவாக இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. மாத்திரை சாப்பிட்டு, டி.எஸ்.எச். சரியாக இருந்தும் களைப்பும் மந்தமும் தீராதவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இருக்கிறார்கள் என்று மருத்துவ நூல்கள் ஒப்புக்கொள்கின்றன. தைராய்டு நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கென்றே டென்மார்க்கில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கியிருக்கிறார்கள். சுருக்க வடிவத்திலேயே 39 கேள்விகள். களைப்பு, மறதி, பதற்றம், சோர்வு, எளிதில் கலங்கும் மனம், குடும்ப உறவு, தோற்றம் பற்றிய கவலை எல்லாம் அதில் வருகின்றன. நம் புறநோயாளிப் பிரிவில் 39 கேள்வி கேட்க நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று கேட்கலாம். தூக்கம் எப்படி? வேலை முன்போல் ஓடுகிறதா? மனசு எப்படி இருக்கிறது?

இப்படிக் கேட்டுப் பார்ப்பது என்ன செய்யும் என்பதற்கு ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதை நெருங்கும் வயது. ஐந்தாறு ஆண்டுகளாகத் தைராக்சின் சாப்பிடுகிறவர். டி.எஸ்.எச். ஒரு முறை சரியாக இருக்கும், அடுத்த முறை எகிறும், மாத்திரையைக் கூட்டுவார்கள், மறுபடி சரியாகும். மூன்றாவது பீரியடுக்குள் குரல் கம்மிவிடுகிறது, வருகைப் பதிவில் தினம் கூப்பிடும் பிள்ளையின் பெயர் வாயில் வராமல் நின்றுவிடுகிறது என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால் ஆம் என்றார். அது உண்மையும்கூட. காலையில் என்னென்ன செய்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து, பல் துலக்கி, தைராய்டு மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்குவார். பத்து நிமிடத்தில் காபி. ரத்தசோகை இருப்பதாகச் சொல்லி வேறொரு மருத்துவர் இரும்பு எழுதியிருந்தார். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒரு வேலை முடிந்தது என்று அவர் நினைத்தது இயல்புதானே?

குடலுக்குள் நடந்ததைப் பாருங்கள். இரும்பு தைராக்சினைப் பிடித்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஏறவிடுவதில்லை. காபியும் தன் பங்குக்கு உறிஞ்சலைக் குறைக்கிறது. ஹார்மோன் குறைகிறது. ஹார்மோன் குறைந்தால் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகும். அதனால் ரத்தசோகை கூடும். ரத்தசோகைக்கு இன்னும் இரும்பு. அந்த இரும்பு இன்னும் கொஞ்சம் தைராக்சினைப் பிடிக்கும். களைப்புக்கு இரண்டு காரணங்கள், ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே இருந்தன. விடுமுறையில் இரும்பு மாத்திரை தீர்ந்துபோய் வாங்காமல் விட்ட மாதங்களில்தான் அவருடைய டி.எஸ்.எச். சரியாக இருந்திருக்கிறது. தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்து, இரும்பைக் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னோம். கால்சியம் மாத்திரைக்கும் இதே விதிதான்.

ஒரு மணி நேரம் காபி குடிக்காமல் இருப்பது என்ன பெரிய காரியம் என்று ஆண்களுக்குத் தோன்றும். விடிவதற்கு முன் எழுந்து இரண்டு வேளைக்குச் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்கும் ஒருத்திக்கு அந்த முதல் டம்ளர் காபிதான் அவளுக்கென்று இருக்கும் ஐந்து நிமிடம். வாழ்க்கைத் தரம் என்று நாங்கள் மாநாடுகளில் பேசுவது இதைத்தான். முடியாதவர்களுக்கு மாற்று வழி இருக்கிறது. இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது மாத்திரையைப் போடலாம். நெதர்லாந்தில் செய்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், படுக்கும்போது போட்டவர்களுக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு இன்னும் நன்றாகவே இருந்தது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். பயோட்டின் உடம்பில் ஹார்மோனைத் தொடுவதில்லை, ஆனால் சில ஆய்வகச் சோதனைகளைக் குழப்பிவிடும். ஹார்மோன் அதிகமாக இருப்பதுபோலப் பொய்யான முடிவு வரும். அதை நம்பி மருத்துவர் தைராக்சினைக் குறைப்பார். முடி இன்னும் கொட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அயோடினைக் கூடுதலாகச் சாப்பிடுவதாலும் பலன் இல்லை. இன்று நாம் பார்க்கும் தைராய்டுக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான். 1912-இல் ஜப்பானியரான ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இந்த நோயை விவரித்தார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, குடும்ப மருத்துவராகவே வாழ்ந்து மறைந்தார்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் களைப்பையும் தைராய்டின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். 2017-இல் ஐரோப்பாவில் 65 வயதைக் கடந்த, டி.எஸ்.எச். கொஞ்சமே கூடியிருந்த 737 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தைராக்சினும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் களைப்பில் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. எல்லை தாண்டியும் தாண்டாமலும் இருக்கும் எண்ணுக்கு மாத்திரை கொடுத்தால் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்துவிடாது. உடல் எடையும் அப்படித்தான். தைராய்டுக் குறைவால் ஏறும் எடை பெரும்பாலோருக்கு இரண்டு முதல் ஐந்து கிலோ, அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். அதற்கு மேல் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டும். எடை குறையட்டும் என்று தாங்களாகவே மாத்திரையைக் கூட்டிப் போடுகிறவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அளவு மீறினால் படபடப்பும் தூக்கமின்மையும் பதற்றமும் வரும். நாளடைவில் எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாளம் தப்பும்.

1999-இல் லிதுவேனியாவில் 33 நோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வு பெரிய நம்பிக்கையை ஊட்டியது. தைராக்சினோடு டி3-யும் சேர்த்துக் கொடுத்தால் மனநிலை தெளிகிறது என்றது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. ஆனாலும் சிலர் அந்தக் கூட்டு மருந்துதான் தங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று சொல்கிறார்கள். இந்தக் கேள்வி இன்னும் மூடப்படவில்லை. ஆகவே எண் சரியாக இருந்தும் களைப்பு தீராதவரைப் பார்த்து, ‘எல்லாம் உங்க மனப்பிரமை’ என்று சொல்லும் உரிமை எந்த மருத்துவருக்கும் கிடையாது. ரத்தசோகை இருக்கிறதா, பி12 குறைந்திருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று தேட வேண்டும். தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்புச் சக்தி, பி12 உறிஞ்சப்படத் துணைசெய்யும் இரைப்பையையும் சிலருக்குத் தாக்குகிறது.

எல்லாம் தேடியும் கிடைக்கவில்லை, மனச்சோர்வுதான் மிச்சம் என்றால், அதற்கும் மருத்துவம் இருக்கிறது. தைராக்சினும் மனச்சோர்வு மருந்தும் ஒருவருக்கே தேவைப்படலாம். ஒன்றைச் சாப்பிடுவதால் மற்றொன்று பொய்யாகிவிடாது. மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்குகிறவர்கள் முதல் படியாக 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தைராய்டை ஒழுங்காகச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த மருந்தே தைராய்டைக் குறைக்கும்.

கடைசியாக, திருமணம் ஆகப்போகிற பெண்களுக்கும் அவர்களுடைய தாய்மார்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசும்போது தைராய்டை மறைக்கிறார்கள். கல்யாணம் ஆனதும் புகுந்த வீட்டில் மாத்திரை டப்பாவைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்து, யாரும் பார்க்காதபோது போடுகிறார்கள். அப்படிப் போட முடியாத நாளில் விட்டுவிடுகிறார்கள். மாதவிடாய் தப்பித்தப்பி வருகிறது, குழந்தை தள்ளிப்போகிறது, பழி அவள்மேல் விழுகிறது. தினம் ஒரு மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளும் பெண், கருத்தரிப்பதிலும் பிள்ளை பெறுவதிலும் பெரும்பாலும் மற்ற பெண்களைப் போலத்தான். மாப்பிள்ளை வீட்டார் யாராவது இங்கே இருந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், இது பெண் வீட்டார் ஒளிக்க வேண்டிய குறையே அல்ல.

கருத்தரித்த பிறகு நடப்பது இன்னும் மோசம். ‘வயித்துல பிள்ளை இருக்கு, இங்கிலீஷ் மருந்து எதுக்கு?’ என்று வீட்டில் யாராவது சொல்ல, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முதல் மூன்று மாதம் கருவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்வதில்லை. அதன் மூளை வளர்வதற்கு வேண்டிய ஹார்மோன் முழுவதும் தாயிடமிருந்துதான் போக வேண்டும். தாய்க்கும் அப்போது தேவை கூடுகிறது, முன்பைவிட 25 முதல் 50 சதவீதம் வரை. ஆகவே நாள் தள்ளிப்போனது உறுதியானதும் செய்ய வேண்டியது மாத்திரையை நிறுத்துவதற்கு நேர் எதிரானது. உடனே மருத்துவரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, அளவைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் அளவைப் பழையபடி குறைத்து, ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பெரும்பாலும் இது விட்டுப்போகிறது. பிள்ளையைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. முன்பு தைராய்டுக் கோளாறே இல்லாதவர்களுக்கும் பிரசவமான ஓராண்டுக்குள் தைராய்டு அழற்சி வரலாம். முதலில் படபடப்பு, பிறகு சோர்வு, அழுகை, பிள்ளைமேல் ஒட்டாத மனசு. தூக்கமில்லை, அதனால்தான் இப்படி என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற தாய்மார்கள், ஆறாவது வாரத்துக்கான ரத்தப் பரிசோதனைத் தேதியைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவீர்கள். வரும்போது உங்களுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று அங்கே யாரும் கேட்காவிட்டால், கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.